டி5 கட்டத்தில் என்ன எழுதினோம்?

ஹீட் பேலன்ஸ் எக்ஸ்பெரிமென்ட் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், 1500 ஆர்பிஎம், காதைப் பொத்திக்கிட்டு நிப்போம். டேபிளில் டி5-ன்னு ஒரு கட்டம்: எக்ஸாஸ்ட் கேஸ் டெம்பரேச்சர். எங்க பேட்ச்சில் யாரும் அதை ஒழுங்கா பார்த்ததில்லை. சீனியர் ரெக்கார்டில் இருந்ததை நாலஞ்சு டிகிரி மாத்தி எழுதினோம். நானும்தான்.

அந்த செமஸ்டரில் அப்பா ஒருநாள் போன் பண்ணினார். "கண்ணு, வண்டி இழுக்க மாட்டேங்குது. பம்ப்ல டீசலைக் கொஞ்சம் ஏத்தி வெக்கலாங்கறாங்க. எஞ்சினுக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாதுங்கப்பா, மைலேஜ்தான் குறையும்" என்றேன். மெஸ் க்யூவில் நின்றுகொண்டு.

லீவுக்குப் போனபோது எங்க லாரியின் எஞ்சின் பட்டறையில் பிரிச்சுக் கிடந்தது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு முழு லோடு. தொப்பூர் ஏத்தத்தில் கரும்புகை கக்கி நின்னுடுச்சாம். ஒரு பிஸ்டன் தலையில் ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு வழிஞ்ச மாதிரி. அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "தண்ணி முள்ளு நடுவுலதான்டா நின்னுச்சு. ஹீட்டே ஆகல."

அவர் சொன்னது நிஜம். ரேடியேட்டர் தண்ணி மெதுவாத்தான் சூடேறும். எக்ஸாஸ்ட் வெப்பம் சில நொடிகளிலேயே எகிறிடும். பெட்ரோல் வண்டிக்குப் பழகின நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. டீசலில் காற்று தாராளமா இருந்தா புகை குளிர்ந்து வரும், எரிபொருள் கூடக்கூட சூடும் கூடும். எங்க வண்டியில் ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தது. இழுக்காததுக்குக் காரணமே அதுதான். அதைப் பார்க்காம டீசலை ஏத்தி, டாப் கியரிலேயே ஏத்தத்தை மிதிச்சா?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டனுக்கு வார்க்கிற சிலிக்கான் கலந்த அலுமினியம் 600-க்கும் கீழேயே இளக ஆரம்பிக்கும். சிலிண்டருக்குள்ளே எரியும்போது 2000 டிகிரி தாண்டுது. ஆனாலும் பிஸ்டன் பிழைக்குதுன்னா, வாங்கின சூட்டை ரிங் வழியா லைனருக்கும், அடியில் படுற ஆயிலுக்கும் உடனே கொடுத்துடறதாலதான். டர்போவுக்கு முன்னாடி அளந்தா 700 டிகிரிக்கு மேல தொடர்ந்து ஓட்டாதேங்கிறது புழக்கத்தில் இருக்கிற கணக்கு. எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். டர்போவுக்குப் பின்னாடி அளந்தா, லோடில் 100, 150 டிகிரி குறைச்சலாத்தான் காட்டும். அங்கே 600-ஐப் பார்த்து நிம்மதியானா மோசம் போயிடுவோம்.

இதில் பாதி எனக்கு அன்னைக்கே தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கேன்.

எஞ்சின் வேலைக்குக் கடன் வாங்கித்தான் ஆச்சு. பம்ப்பைப் பழைய அளவுக்கு இறக்கினோம். மேனிஃபோல்டில் துளை போட்டு, டர்போவுக்கு முன்னாடி ஒரு கே டைப் தெர்மோகப்பிளும் டேஷ்போர்டில் மீட்டரும் வெச்சேன். அடுத்த லோடுக்கு நானும் கூடப் போனேன். தொப்பூரில் முள் 640-ஐத் தொட்டதும் அப்பா கேட்காமலே கியரைக் குறைச்சார். ஆர்பிஎம் ஏறிச்சு, முள் 570-க்கு இறங்கிச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை.

மேலே டீக்கடையில் நிறுத்தினோம். டர்போ பேரிங்கில் ஆயில் கருகிடும், 200-க்குக் கீழே வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்கன்னு சொன்னேன். கதவைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு முள்ளையே பார்த்துட்டிருந்தார்.