மூடிய கதவும் திறந்த மன்றமும்

இளமை, கூட்டத்தை நாடும் பருவம். குழந்தைக்குத் தாய்மடி போதும். முதியவர்க்குத் தம் நினைவுகளே பாதித் துணை. இடைப்பட்ட பதினேழு, பதினெட்டு வயதில்தான் ‘நம்மவர்’ என்று சொல்லிக்கொள்ளப் பத்துப்பேர் வேண்டும் என்னும் தாகம் எழுகின்றது. அத்தாகம் இயல்பானது, நல்லதுங்கூட. நல்லோர் வைத்த தண்ணீர்ப்பந்தல் கண்ணில் படாதபோது, இருட்டில் யாரோ நீட்டும் குவளையை இளைஞன் வாங்கிக் குடித்துவிடுகின்றான் என்பதே கவலைக்குரியது.

இதை நமக்கு உணர்த்தியவர் ஒரு நைஜீரிய மாணவர். தலைநகரில் நாம் குடியிருக்கும் வீட்டின் மாடியில் சில ஆண்டுகளுக்கு முன் அவர் வாடகைக்கு இருந்தார். நம்மை ‘அங்கிள்’ என்று அழைப்பார். பொங்கலன்று கீழே வந்து சர்க்கரைப் பொங்கலை விரும்பி உண்பார். “உங்கள் நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்க, இவ்வளவு தொலைவு வந்து படிப்பானேன்?” என்று ஒருநாள் வினவினோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், தம் தமையனார் முதலாண்டு மாணவராய் இருந்தபோது ஓர் இரகசியக் குழுவில் சேர்ந்ததையும், விலக முயன்றபின் விடுதிக்குத் திரும்ப அஞ்சிப் படிப்பையே கைவிட்டதையும், அதன் காரணமாகவே தந்தையார் தம்மை இந்தியாவுக்கு அனுப்பியதையும் சொன்னார். “என் அண்ணன் கெட்டவனாக இருந்ததால் போகவில்லை அங்கிள், தனியாக இருந்ததால் போனான்” என்றார்.

அச்சொல் நம்மை விடவில்லை. அந்நாட்டின் இரகசியக் குழுக்களைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தோம். அவற்றின் தொடக்கம் வியப்பளித்தது. 1952ஆம் ஆண்டில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஏழு மாணவர்கள் ‘பைரேட்ஸ்’, அதாவது கடற்கொள்ளையர், என்ற பெயரில் ஒரு கழகம் கண்டனர். 1986இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா அவ்வெழுவருள் ஒருவர். வெள்ளையர் ஆட்சி நீங்காத காலம் அது. ஆளவந்தோரைப் போலவே நடையுடை பாவனைகளை அமைத்துக்கொண்டு தம் மக்களைத் தாழ்வாக நோக்கிய மாணவர்களின் போக்கையும், இனக்குழு வேற்றுமையையும் எள்ளி நகையாடி எதிர்ப்பதே அவர்தம் நோக்கம். வேடம் விளையாட்டு, கருத்து சீர்திருத்தம்.

ஆனால் விதை ஒன்றாகவும் விளைச்சல் வேறாகவும் ஆயிற்று. 1972இல் பைரேட்ஸ் கழகத்தினின்றும் பிரிந்தோர் ‘புக்கனியர்ஸ்’ என்னும் குழுவை அமைத்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் வளாகந்தோறும் புதுப்புதுக் குழுக்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத் தொப்பி, ஒரு குழூஉக்குறி, நள்ளிரவில் ஓர் உறுதிமொழி. புதிதாய்ச் சேர்பவனை அடித்து நைத்து, அதைத் தாங்கினால் ‘சகோதரன்’ என்று தழுவிக்கொள்ளும் கொடுமை வழக்கமாயிற்று. குழுவுக்குக் குழு பகை மூண்டது. பகைக்குக் கத்தியும் துப்பாக்கியும் துணை வந்தன. மனம் நொந்த பைரேட்ஸ் கழகத்தார் 1984இல் வளாகங்களை விட்டே வெளியேறினர். எனினும் பிறர் பின்பற்றி வந்த பாதையை அவர்களால் அடைக்க இயலவில்லை.

1999ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் இலே-இஃபே நகரிலுள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக விடுதிக்குள் ஆயுதமேந்திய இரகசியக் குழுவினர் புகுந்தனர். மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குழுக்களை வெளிப்படையாக எதிர்த்துவந்த மாணவர் பேரவையின் செயலாளர் அவர்களுள் ஒருவர். திறந்த மன்றத்தில் பேசிய குரலை மூடிய அறையில் பிறந்த வன்மம் அணைத்தது.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1989இலேயே இராணுவ அரசு ஆணையிட்டுத் தடை செய்தது. 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிந்தனை, சமய உரிமைகளைக் காட்டி எவரும் இரகசியச் சங்கம் அமைக்கவோ அதில் சேரவோ இயலாது என்று தெளிவாகக் கூறுகின்றது. ஆயினும் 2003ஆம் ஆண்டுத் தேர்தலில், எண்ணெய் வளம் மிக்க ரிவர்ஸ் மாநிலத்து அரசியல்வாதிகள் இத்தகைய குழுக்களுக்குப் பணமும் ஆயுதமும் தந்து ஏவியதை மனித உரிமை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தடுக்க வேண்டியவர்களுக்கே குழுக்கள் பயன்பட்டால் சட்டம் என்ன செய்யும்? மேலும், சட்டம் வெளியே நின்று கதவைத் தட்டுகின்றது. தாழ்ப்பாளோ உள்ளே இருக்கின்றது.

அத்தாழ்ப்பாளின் பெயர்தான் இரகசியம். முதலில் அது சிறியதாகவே இருக்கும்: ‘இதை வீட்டில் சொல்லாதே’ என்னும் ஒரு சொல். சொல்லாத அளவில் தாயும் தந்தையும் அயலாராகின்றனர். அடுத்து, பட்ட அடியைச் சொல்ல நாணம். அதற்கடுத்து, தானே ஒருவனை அடித்ததைச் சொல்ல அச்சம். இவ்வாறு படிப்படியாக, உதவி செய்யக்கூடியவர் அனைவரும் மறுகரையில் நிற்க, இளைஞன் நடு ஆற்றில் அகப்படுகின்றான். தனிமைக்கு மருந்து தேடிப் போனவனுக்கு முன்னைவிடக் கொடிய தனிமையே கிட்டுகின்றது.

‘இரகசியம்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. இருபது ஆண்டுகளாக மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், அம்முத்திரை குத்திய கோப்புகளைக் கண்டிருக்கின்றோம். அத்தகைய தாள் இரட்டை உறையிலே வரும்; பெற்றவர் ஒப்பமிடுவார்; பதிவேட்டில் எண்ணும் நாளும் ஏறும். யார் மறைத்தார், எதை மறைத்தார், எப்போது மறைத்தார் என்று பின்னர் ஒருவர் கேட்க இடமுண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, சில விலக்குகள் நீங்கலாக, இருபது ஆண்டு கடந்த செய்திகளைக் கேட்போர்க்கு வழங்கச் சொல்கின்றது. அரசின் மறைபொருளுக்கே கணக்கும் காலவரையும் உண்டு. பதிவேடு இல்லாத இரகசியம், பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றத்தக்க சுமையன்று.

வள்ளுவப் பெருந்தகை இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகின்றார். ‘சிற்றினம் சேராமை’ என்று தீயோர் கூட்டத்தை விலக்கச் சொல்லும் அதிகாரம் நாற்பத்தாறாவது. அதற்கு நேர்முன்னே அவர் வைத்திருப்பது ‘பெரியாரைத் துணைக்கோடல்’. சேரத்தக்க துணையை முதலில் காட்டிய பின்னரே சேரத்தகாததை அவர் விலக்குகின்றார். நாமோ முன்னதை மறந்து, பின்னதை மட்டும் ஓயாது ஓதுகின்றோம். ‘அங்கே போகாதே’ என்று ஆயிரம் முறை சொல்லும் நாம், ‘இங்கே வா’ என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்?

நம் மகன் வரும் கல்வியாண்டில் வெளியூர் விடுதிக்குச் செல்ல இருக்கின்றான். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள் என்று அவனிடம் சொல்லியிருக்கின்றோம்: இங்கு நடப்பதை வீட்டில் சொல்லலாமா? வேண்டாம் என்று தோன்றினால் மறுநாளே விலகலாமா? தலைவரைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்கலாமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், அது எளிய கூட்டமாயினும் நல்ல கூட்டம். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால், அது எத்துணை உயர்ந்த கொள்கையைச் சொன்னாலும் அங்கு நில்லாதே.

இம்மூன்று உரைகற்களில் நம் தமிழ்ச்சங்கத்தையும் உரைத்துப் பார்க்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைப் படிக்கின்றோம். சிற்றுண்டிச் செலவு மிகுதி என்று சச்சரவிடுகின்றோம். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த பொங்கல் விழாவுக்குத் திரும்பி வருகின்றார். கேலிக்குரியனவாகத் தோன்றும் இவையே திறந்த மன்றத்தின் இலக்கணங்கள். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. நம் செயற்குழுவில் ஐம்பது வயதுக்கு உட்பட்டோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளைஞர்க்கு நாம் தரும் பணி வாழ்த்துப் பாடுவதும், பன்னீர் தெளிப்பதும், நாற்காலி அடுக்குவதுமே. அடுக்கிய நாற்காலியில் அவர்களை அமரச் செய்வதில்லை. இரகசியக் குழுவோ, வந்த அன்றே அவனுக்கு ஒரு பெயரும் பொறுப்பும் தந்துவிடுகின்றது.

எனவே அடுத்த ஆண்டு விழாவின் ஒரு பகுதியையேனும், அதற்குரிய பணத்தையும் கணக்கேட்டையும் சேர்த்து, நம் இளைஞரிடம் ஒப்படைப்போமாக. பிழை நேரலாம், நேர்ந்தால் பொதுக்கூட்டத்தில் நம்மைப் போலவே அவர்களும் விடை சொல்லட்டும். மன்றத்தின் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. உள்ளே இளையோர்க்கென ஒரு நாற்காலியும் காலியாக இருத்தல் வேண்டும்.