பீப்பாய்களும் முட்டிகளும்

"சித்தப்பா, இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ?" என்று இலண்டனில் வாழும் என் பெறாமகள் கேட்டாள். 2023ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 2ஆம் திகதி. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தேர்த் திருவிழாவுக்கோ நூல் வெளியீட்டுக்கோ புறப்பட்டிருந்தால் அவளே காரில் கொண்டுபோய் இறக்கியிருப்பாள். நான் புறப்பட்டதோ பியர் விழாவுக்கு.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் பியர்ப் பிரியன். கொழும்பில் இரவுப் பணியில், கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய பின்னர் சகபாடிகளோடு அருந்திய ஒரு குவளையில் தொடங்கிய விருப்பம் இது. அளவு மீறியவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டையும், கசிப்புக் குடித்து மாண்டவர்களின் செய்திகளையும் இதே கையால்தான் எழுதினேன். ஆகவே, இக்கட்டுரையை மதுவுக்கான வக்காலத்தாக வாசகர்கள் கொள்ளவேண்டாம். ஒரு பானத்தை ஒரு சமூகம் எவ்வாறு காப்பாற்ற முயன்றது, இன்னொரு சமூகம் எவ்வாறு கைவிட்டது என்பதே அன்று என் மனதில் ஓடிய விடயம்.

கென்சிங்டன் ஒலிம்பியா புகையிரத நிலையத்தில் இறங்கினால் மண்டபம் எதிரே நிற்கிறது. 1886இல் திறக்கப்பட்ட கட்டடம். இரும்பும் கண்ணாடியுமாக வளைந்த பெருங்கூரை. அதன் கீழே வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். வாசலில் குவளைக்கு ஒரு வைப்புப் பணம் வாங்குகிறார்கள். திரும்பும்போது குவளையைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். குவளையில் அளவுக் கோடுகள் உண்டு. ஒரு பைன்ற், அரைப் பைன்ற், மூன்றிலொரு பைன்ற். என் வயதுக்கும் பெறாமகளின் எச்சரிக்கைக்கும் பொருத்தமான அளவு மூன்றிலொரு பைன்ற்தான். ஏறத்தாழ 190 மில்லிலீற்றர்.

உள்ளே நான் எதிர்பார்த்த கூச்சல் இல்லை. தாடி வைத்த முதியவர்கள் குறிப்புப் புத்தகமும் பென்சிலுமாக அலைந்தார்கள். அருந்திய ஒவ்வொரு பியரின் பெயரையும் அதில் குறித்துக்கொள்வது அவர்களுடைய வழக்கம். எங்கோ ஒருவர் கைதவறிக் குவளையை உடைத்தார். உடனே மண்டபம் முழுவதும் ஒரே குரலில் 'ஓ' என்று ஆர்ப்பரித்தது. இந்த விழாக்களின் பழைய சம்பிரதாயம் இது என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். குவளையை உடைத்தவர் வெட்கத்தோடு தலைவணங்கினார்.

இந்த விழாவின் பின்னணியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவின் பியர் வணிகம் ஆறு பெரும் நிறுவனங்களின் பிடிக்குள் வந்திருந்தது. அவை வடிகட்டி, சூடேற்றி, நொதியத்தைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றிய பியரையே நாடெங்கும் பரப்பின. அது கெடாது, எங்கும் ஒரே சுவை, கையாள்வதும் எளிது. 1971இல் அயர்லாந்தின் கெரி பகுதிக்கு விடுமுறையில் சென்ற நான்கு இளைஞர்கள் அங்கேயிருந்த ஒரு மதுச்சாலையில், பழைய முறை ஏலைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்குவது என்று முடிவுசெய்தார்கள். அந்த இயக்கமே காம்ரா. நால்வருள் பத்திரிகையாளர்களும் இருந்தனர் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. 1975இல் இலண்டன் கொவன்ற் கார்டனில் அவர்கள் நடத்திய விழாவுக்குத் திரண்ட கூட்டம் துணிவைத் தந்தது. 1977இல் அலெக்சாண்ட்ரா மாளிகையில் முதலாவது பெருவிழா நடந்தது. அன்றிலிருந்து பீப்பாய் உருட்டுவதும் பியர் வார்ப்பதும் குவளை கழுவுவதும் சம்பளம் வாங்காத தொண்டர்களே.

எனக்கு வார்த்துத் தந்தவரும் ஒரு தொண்டர். ஓய்வுபெற்ற தபாற்காரர். விடுமுறை எடுத்துக்கொண்டு யோக்சயரிலிருந்து வந்திருந்தார். சந்தடி குறைந்த வேளையில் அவரிடம் கேட்டேன்: "இதற்கும் கடையில் விற்கும் பியருக்கும் என்ன வித்தியாசம்?"

"இது உயிரோடு இருக்கிறது" என்றார் அவர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நொதியம் பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும். மதுவடிசாலையை விட்டுப் புறப்பட்ட பின்னரும் நொதித்தல் உள்ளே மெதுவாகத் தொடரும். பீப்பாயின் மேல் துவாரத்தில் ஒரு மென்மரக் கட்டையைச் செருகி, மிகையான வாயுவை வெளியேற விடுவார்கள். வெளியிலிருந்து வாயு எதையும் ஏற்றுவதில்லை. பன்னிரண்டு பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். திறந்த பீப்பாயை ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் குடித்து முடிக்க வேண்டும். அதன்பின் காற்றுப் பட்டுப் புளித்துவிடும்.

"எங்களூரிலும் அப்படி ஒரு பானம் உண்டு. அதன் ஆயுள் மூன்று நாள்கூட இல்லை, ஒரு நாள்தான்" என்றேன்.

பனங்கள்ளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பாளையைச் சீவி முட்டி கட்டுவதையும், முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது இனிப்பான கருப்பநீராகவே நிற்கும், பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியமே அதைக் கள்ளாக்கிவிடும் என்பதையும், காலையில் இறக்கியது மறுநாள் புளித்துக் காடியை நோக்கிப் போய்விடும் என்பதையும் விளக்கினேன். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் அதைக் குடிப்பார்கள் என்றபோது அவருடைய கண்கள் விரிந்தன. குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அதற்காக அங்கே யார் குரல் கொடுக்கிறார்கள்?"

ஐம்பது வருடம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன என்றேன். அது உண்மை. 1970களில் தவறணைக் குத்தகை முறை போய், சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. போத்தலில் அடைத்த கள்ளும் வந்தது. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. தொழிலாளர் தம் பிழைப்புக்காகக் குரல் கொடுப்பது இயல்பு. குடிப்பவர்கள் யாராவது கொடுக்கிறார்களா என்பதே அவருடைய கேள்வி.

என் ஊரிலும் குடித்தார்கள். பெரிய மனிதர்கள் பலர் குடித்தார்கள். ஆனால் ஒளித்துக் குடித்தார்கள். எங்கள் வளவில் நின்ற பனைகளில் ஏறிய மனிதர் வேலிக்கு அப்பால் நின்றே பேசுவார். அப்பு குடிக்கும் கள் பின்பக்கப் படலையால் வரும். கொண்டுவந்தவர் திண்ணையில் அமர்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. தளநாரைக் காலில் பூட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு, மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் அவர் ஏறுவதை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். நாங்கள் சிறுவர்கள் கூட அவரை ஒருமையில்தான் அழைத்தோம். அவருடைய முழுப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒலிம்பியாவில் ஒவ்வொரு பீப்பாயின் முன்னும் ஓர் அட்டை தொங்கியது. பியரின் பெயர், அதை வடித்தவர்களின் பெயர், அவர்களுடைய ஊர், மதுசார வீதம். ஒரு சிற்றூரில் நான்கு பேர் சேர்ந்து வடித்ததாயினும் அவர்களுடைய பெயர் தலைநகரின் நடுவே தொங்கியது. அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அவ்வருடத்தின் பிரித்தானியச் சிறந்த பியர் முதல் நாளே அறிவிக்கப்பட்டிருந்தது. மேற்கு யோக்சயரின் எலண்ட் என்ற ஊரில் வடித்த '1872 போர்ட்டர்'. 6.5 வீத மதுசாரம். அதே பியர் 2013இலும் அதே பரிசை வென்றிருந்தது. தபாற்காரர் தம் மாகாணம் வென்ற பெருமையில் இருந்தார். வரிசையில் நின்று மூன்றிலொரு பைன்ற் வாங்கினேன். கறுத்த நிறம், வறுத்த கோப்பிக்கொட்டையின் கசப்பு, அதன் அடியில் மெல்லிய இனிப்பு.

போர்ட்டர் என்ற பெயர் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் சுமை தூக்கியவர்களிடமிருந்து வந்தது. எங்கள் புறக்கோட்டை வழக்கில் சொன்னால் நாட்டாமைகளின் பானம். அதில் வலிமை கூடியதை 'ஸ்ரவுட் போர்ட்டர்' என்றார்கள். நாளடைவில் ஸ்ரவுட் தனிப் பெயராயிற்று. அந்த வம்சத்தின் ஒரு கிளை இலங்கையிலும் உண்டு. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மதுவடிசாலையின் வழியில் வந்த லயன் ஸ்ரவுட்தான் அது. பியர் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற மைக்கல் ஜக்சன் (பாடகர் அல்லர், 2007இல் மறைந்த ஆங்கிலப் பத்திரிகையாளர்) நுவரெலியாவுக்கே சென்று அதைப் பாராட்டி எழுதினார். இதைச் சொன்னதும், "லயன் ஸ்ரவுட்! தெரியுமே" என்று தபாற்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் நாட்டில் வெள்ளைத் தோட்டத்துரை விட்டுச்சென்ற பானத்தை அவர் அறிந்திருந்தார். எங்கள் பனை தந்த பானத்தை நான் சொல்லித்தான் அறிந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெள்ளைக்காரனைப் பாராட்டி எம்மவரைத் திட்டும் வழக்கமான கட்டுரையாகியிருக்கும். 2024இன் தொடக்கத்தில், பரிசு வென்று சில மாதங்களே ஆன நிலையில், எலண்ட் மதுவடிசாலை மூடப்படுகிறது என்ற செய்தி வந்தது. பரிசுப் பத்திரத்தைக் காட்டி வாடகையும் மின்கட்டணமும் கட்ட முடியாதல்லவா? அதே வருடம் பொருத்தமான மண்டபம் கிடைக்காமல் விழாவே நடைபெறவில்லை. 2025இல் பர்மிங்காமில் நடத்தினார்கள். செலவை ஈடுசெய்யும் அளவுக்குக் கூட்டம் வரவில்லை. 2026இல் விழா இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு இயக்கத்துக்கே இந்தக் கதி.

ஆயினும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு மதுவடிசாலை மூடப்பட்டால் அது செய்தி. அதன் பெயரை எழுதுகிறார்கள், வருந்துகிறார்கள், மீட்க வழி உண்டா என்று விவாதிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதர் மரம் ஏறுவதை நிறுத்தினால், அவரோடு அந்த மரங்களின் கள்ளும் நின்றுபோனால், எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை.

2025 தை மாதம் யாழ்ப்பாணம் சென்றபோது எங்கள் பக்கத்துத் தவறணைக்குப் பகல் வெளிச்சத்தில், முன்வாசலால் போனேன். பிளா இல்லை, பிளாஸ்ரிக் கோப்பை. கள் நல்ல கள். முட்டியோடு வந்த முதியவரை அருகில் இருத்தி, எத்தனை மரம் ஏறுகிறார், நாளுக்கு எவ்வளவு இறக்குகிறார் என்று விசாரித்தேன். அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. வரவும் வேண்டாம் என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தொழிலோடு சேர்த்து நாங்கள் அவர்கள்மேல் சுமத்திய இழிவை நினைத்தால், எந்தத் தந்தை தன் மகனை மரத்தில் ஏற்றுவார்?

புறப்படும்போது அவருடைய பெயரைக் கேட்டேன். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுமையாகச் சொன்னார். "உங்களைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடலாமா?" என்று கேட்டேன். சற்று யோசித்தார்.

"எழுதுங்கோ ஐயா. பேரை மட்டும் போடாதேங்கோ. மகள் ரீச்சர். கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்" என்றார்.

ஆகவே போடவில்லை.