பெயர் மாறிய கேமரா

2020 ஜூன் 24. புனேயில் பொதுமுடக்கம் முற்றிலும் நீங்கியிராத நாள். 1936 முதல் கேமரா செய்துவந்த ஒலிம்பஸ், அப்பிரிவை ஜப்பான் இண்டஸ்ட்ரியல் பார்ட்னர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்த நட்டம். கைப்பேசி விழுங்கிய சந்தை.

பிக்வானில் பூநாரைகளையும் சிங்ககட் அடிவாரத்தில் அரசவால் ஈப்பிடிப்பானையும் தேடித் திரிந்த இருவர் அன்றிரவு தொலைபேசியில் பேசினர். "விலை சரியுமுன் விற்றுவிடுங்கள் சார்" என்றார் இளையவர். மூத்தவர் உடனே விடையளிக்கவில்லை. முதுகுவலியால் பெரிய கேமராவைக் கைவிட்டிருந்தவர் அவர். சிறிய சென்சார் என்று பலர் இகழ்ந்த இந்த அமைப்பில், 300 மி.மீ. லென்ஸே 600 மி.மீ.க்கு நிகரான நெருக்கத்தைத் தரும். அந்த எடைக்குறைவே அவரை மீண்டும் குன்றேறச் செய்தது. இது நின்றுபோனால் அவர் இழப்பது ஒரு பெயரையன்று, விடியற்காலைகளை.

"லென்ஸ் அநாதையாகாது தம்பி, பானசோனிக்குக்கும் இதே மவுண்ட்தானே" என்றார் இறுதியில். ஆறுதல் யாருக்கென்று இருவரும் ஆராயவில்லை.

2021 ஜனவரி 1 முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் பொறுப்பேற்றது. 1970களின் பிலிம் கேமராவின் பெயரையே சூடி 2022இல் ஓஎம்-1 வந்தது; அதன் நெற்றியில் மட்டும் ஒலிம்பஸ் என்ற எழுத்துகள் எஞ்சியிருந்தன. இளையவர் அதை வாங்கினார். மூத்தவர் வாங்கவில்லை. தேய்ந்த பழைய கேமராவுடனேயே வேதாள் டேக்டி ஏறுகிறார். பழுதுபார்க்க உதிரிப்பாகம் கிடைக்கும்வரை.