யாருக்குப் பக்கத்தில் யார்?

ஒஸ்லோவிலிருந்து

டென்மார்க்கில் மனநலச் சேவையின் தரத்தை எடைபோட ஒரு வழி உண்டு. ஆய்வாளர் முதலில் அதிகாரியைப் பார்ப்பதில்லை. சேவை பெறுகிறவர்களைக் குழுவாக உட்காரவைத்து, எது நன்றாயிருக்கிறது, எது சரியில்லை, ஏன் என்று கேட்கிறார். கட்டம் போட்ட கேள்வித்தாள் இல்லை. அவர்கள் சொன்னது அடுத்து ஊழியர்களிடம் போகிறது, பிறகு நிர்வாகிகளிடம், கடைசியில் அரசியல்வாதிகளிடம். 1990களில் ஹன்ன கத்ரின குரோக்ஸ்திருப் வகுத்த இந்த முறையின் பெயர் 'பிக்வா'. நோர்வே, சுவீடன் சமூக சேவைகளிலும் இது புழங்குகிறது.

கேள்வி கீழேயிருந்து மேலே ஏறுகிறது. அதிகாரிக்கு வரும் கேள்வி அவர் தயாரித்தது அல்ல.

இதற்கு முன்னரே, நோர்வே ஆய்வாளர் பியோர்ன் குஸ்தாவ்சன் 'ஜனநாயக உரையாடல்' என்று பேசத் தொடங்கியிருந்தார். 1985 முதல் 1990 வரை சுவீடனில் நடந்த 'லொம்' திட்டத்தில், தனியார் துறையும் பொதுத்துறையுமாகச் சுமார் 150 நிறுவனங்கள் அதைச் செய்துபார்த்தன. பல நிறுவனத்தார் கூடிய அந்தக் கூட்டங்களில் நாற்காலிக்கும் கணக்கு இருந்தது. முதல் சுற்றில் ஒரே நிலையில் இருப்பவர்கள் கூடுவார்கள். பயம் தெளிந்தபின் குழுக்கள் கலைக்கப்படும். மேலாளர் இருக்கும் குழுவில் அவருடைய ஆட்கள் இருக்கமாட்டார்கள், வேறு நிறுவனத்தவர் இருப்பார்கள். கடைசிச் சுற்றில்தான் சொந்த நிறுவனத்தார் ஒன்றுகூடி, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள்.

குஸ்தாவ்சனின் விதிகளில் இரண்டு, ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தோன்றும். கருத்தை வாயால் சொல்லவேண்டும், காகிதம் நீட்டி ஒதுங்கக்கூடாது என்பது ஒன்று. தான் பேசுவதோடு நில்லாமல் மற்றவரும் பேசத் துணைசெய்வது ஒவ்வொருவரின் கடமை என்பது மற்றொன்று. ஒஸ்லோ முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களை நினைத்தால் முடிச்சு அவிழும். எந்தப் பாட்டி எந்த நேரத்தில் சாப்பிடுவாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதைக் கூட்டத்தில் நோர்வேஜிய மொழியில் சொல்லும்போதுதான் நாக்கு தடுக்கும். முதல் விதி மட்டும் இருந்தால் அவர்கள் வாய்மூடி இருப்பார்கள். இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரைப் பொறுப்பாக்குகிறது.

கூட்டம் முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தால், மேலாளர் மேலாளர்தான். அது குஸ்தாவ்சனுக்கும் தெரிந்திருந்தது. உரையாடல் தொடர்ந்து முடிவுகளை ஈனவேண்டும், அந்த முடிவுகளின்மேல் எல்லாரும் சேர்ந்து வேலை செய்யக் கூடியதாய் இருக்கவேண்டும் என்பதும் அவர் பட்டியலில் உண்டு.