ஐம்பத்தோராவது பூ

செமினார் ஹால்ல யாராவது பேசிட்டு இருக்கும்போது பாதிப் பேர் போன் பார்ப்பாங்க, மீதிப் பேர் தூங்குவாங்க. நான் சீலிங்கைப் பார்ப்பேன். ஃபேன் கொக்கியைச் சுத்தி ஒரு பூ இருக்கும். சுவரும் மேல்தளமும் சேர்ற இடத்துல கார்னிஸ் ஓடும். அது எந்த அச்சுல வந்தது, ரப்பரா ஃபைபரா, ஒரே துண்டா நாலு துண்டா என்று கண்ணு தானாகத் தேடும். குடும்ப வியாதி. எங்க பெரியப்பா ஜெயமங்கலத்தில் பி.ஓ.பி. பூ ஊத்துறவர்.

ஜெயமங்கலம் தெரியாதவங்களுக்கு: தேனி மாவட்டம், பெரியகுளம் பக்கம். நெல் வயலும் தென்னந்தோப்பும் உள்ள ஊர். இந்த ஊருக்கும் பிளாஸ்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, தென்னை நார் ஒண்ணுதான். பவுடர் மூட்டையில வெளியூர்ல இருந்து வருது. நம்ம நாட்டு ஜிப்சத்தில் பெரும்பகுதி ராஜஸ்தான் மண்ணுதான். ஆனா ஊத்துற பூ உடையாம இருக்க உள்ளே பரப்புற நார் எங்க ஊரு நாரு.

முதல்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி, ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சதுதான். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தா, அதில் கட்டுண்டு கிடக்கிற தண்ணீரில் முக்கால் பங்கு போயிடும். மிச்சம்தான் பி.ஓ.பி. பவுடர். திரும்பத் தண்ணி சேர்த்தா, விட்ட தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி ஜிப்சம் கல்லா மாறும். மாறும்போது சூடாகும். கணக்குப்படி 100 கிராம் பவுடருக்கு 19 கிராம் தண்ணி கூடத் தேவையில்லை. ஆனா அதை அச்சுல ஊத்த முடியாது, மாவு மாதிரி நிக்கும். அதனால 60, 70 கிராம் விடுறாங்க. கூடுதல் தண்ணி அப்புறம் ஆவியாகி, போன இடத்துல நுண்துளை விடும். தண்ணி ஏறினா பூ பலம் குறையுறது இதனாலதான். பெரியப்பா எடை போடுறதில்லை. பேசின்ல தண்ணி எடுத்து, பவுடரைக் கோலப்பொடி மாதிரி தூவுவார். பவுடர் தண்ணிக்கு மேல சின்னச் சின்னத் தீவா எழும்பினதும் நிறுத்திடுவார். "தண்ணியில மாவைப் போடணும், மாவுல தண்ணியை ஊத்தக் கூடாது" என்பது அவரோட முதல் விதி.

ஆனா ஊத்துறது கடைசி வேலை. அசல் வேலை அச்சுல இருக்கு. அதுக்கும் முன்னாடி, தாய்ப் பூவில் இருக்கு.

இரண்டடிப் பூ ஒண்ணை அவர் எப்படி உருவாக்குறார்னு பாருங்க. பலகை நடுவுல ஒரு ஆணி. தகரத் தகடு ஒண்ணை வளையங்களோட குறுக்குவெட்டு வடிவத்துல வெட்டி, ஆணியை மையமா வைச்சு ஈரப் பிளாஸ்டர் மேல சுத்துவார். வட்ட வளையங்கள் எல்லாம் ஒரே சுத்துல வந்துடும். கார்னிஸுக்கு அதே தகட்டை ஒரு கட்டையை ஒட்டி நேரா இழுப்பார். இதழ் மட்டும் களிமண்ணில், கையால. எட்டு இதழ் செய்ய மாட்டார். ஒரே ஒரு இதழைத் திருப்தி வர்ற வரைக்கும் செதுக்கி, அதுக்குச் சின்ன அச்சு எடுத்து, எட்டு ஊத்தி, 45 டிகிரிக்கு ஒண்ணா ஒட்டுவார். கேட் லேப்ல நாம ரிவால்வ், எக்ஸ்ட்ரூட், சர்க்குலர் பேட்டர்ன்னு மூணு பட்டனா அமுக்குறோமே, அதுதான் இது. அவர் பட்டனைப் பார்த்ததே இல்லை.

அடுத்த சிக்கல், அச்சிலிருந்து பூ வெளியே வரணும். பக்கச் சுவர் நேர்செங்குத்தா இருந்தா பூ கவ்விக்கும். கொஞ்சம் சரிவு வேணும். நம்ம புக்ல டிராஃப்ட் ஆங்கிள். பெரியப்பா பாஷையில "வாய் விரிஞ்சு இருக்கணும்". இதழ் நுனி உள்பக்கமா சுருண்டா அது அண்டர்கட். ஃபைபர் மாதிரி விறைப்பான அச்சுல அந்தப் பூவை உடைக்காம எடுக்க முடியாது. வழி மூணு: சுருளை விட்டுடலாம், அச்சைப் பல துண்டாப் பிரிக்கலாம், இல்லன்னா வளையுற ரப்பருக்குப் போகலாம். அவர் சிலிகான் ரப்பருக்குப் போனார். முதல் பூச்சு மெலிசா, பிரஷ்ல, குமிழி இல்லாம. அதுக்கு மேல தடிப்பா. அதன் முதுகுக்கு நார் போட்ட பிளாஸ்டர்ல ஒரு கூடு, ஜாக்கட். கூடு இல்லன்னா ரப்பர் தொய்ஞ்சு பூவே கோணிடும். ரப்பர் விலைதான் இந்தத் தொழிலோட பெரிய முதலீடு. பவுடர் அதுக்குப் பக்கத்துல கூட வராது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு.

போன வருஷம் பக்கத்து டவுன்ல ஒரு மண்டபத்துல சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில் பெரியப்பா இலையைப் பார்க்கல, மேல பார்த்துக்கிட்டு இருந்தார். சீலிங்ல வரிசையா பூ. "இது நம்ம பூடா" என்றார். நான் நம்பல. அஞ்சாவது இதழைக் காட்டினார். நுனிக்கிட்ட ஒரு மெல்லிய கோடு. தாய்ப் பூவைச் சீவும்போது அவரோட ஆக்ஸா பிளேடு கத்தி பட்ட தடம். அந்தக் கோடு எல்லாப் பூவிலும் இருந்தது. நரம்பெல்லாம் மழுங்கி, அங்கங்க பரு பருவா இருந்தது. அச்சுல மாட்டின காற்றுக் குமிழி, ஊத்தினதும் பருவா வந்து நிக்கும். பெரியப்பா அந்த மண்டபத்துக்கு ஒரு பூ கூடக் கொடுத்ததில்லை. யாரோ எங்கேயோ ஒண்ணை வாங்கி, அது மேலேயே ரப்பரை ஊத்தி அச்சு எடுத்திருக்காங்க. ஆணி, தகடு, களிமண், அந்த ஒரு இதழுக்காகப் போன நாட்கள் எதுவும் அவங்களுக்குத் தேவைப்படல.

மதுரை திருப்பரங்குன்றம் பக்கத்துல விளாச்சேரி இருக்கு, கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர். களிமண் பொம்மைக்குப் பிளாஸ்டர்தான் அச்சு. அது மண்ணோட ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அச்சை விட்டுக் கழண்டுக்கும். அதனால ஒரு மண் பொம்மைக்கு மேல அச்சு எடுத்துக் காப்பி அடிச்சா, காப்பி கண்ணுக்குத் தெரியுற அளவுக்குச் சின்னதாகும். காப்பிக்குக் காப்பி இன்னும் சின்னது. பிளாஸ்டர் அப்படி இல்லை. இறுகும்போது துளி விரியும். அதனாலதான் மூலை முடுக்கெல்லாம் கூர்மையா வருது. அதனாலதான் திருட்டுப் பூவும் அசல் அளவுலயே வருது.

ஊருக்கு வந்ததும் நம்ம ஐ.பி.ஆர். எலெக்டிவ் நோட்ஸை எடுத்தேன். கையில கிடைச்சது இதுதான்.

இந்த மாதிரி உருவ அழகுக்கு டிசைன் சட்டம், 2000 இருக்கு. பதிவு பண்ணினா 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். டிசைன் பிரிவு கொல்கத்தாவில் இருக்கு, ஆனா ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1000 ரூபாய். ஆனா ஒரு நிபந்தனை: விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த வடிவம் வெளியே வந்திருக்கக் கூடாது. வித்தாச்சுன்னா முடிஞ்சது.

சரி, பதிவு பண்ணாட்டியும் காப்பிரைட் தானா வருமேன்னு நினைப்போம். காப்பிரைட் சட்டம், 1957, பிரிவு 15 அதுக்கும் ஒரு கோடு போடுது. டிசைனா பதிவு பண்ணக்கூடிய ஒண்ணைப் பதிவு பண்ணாம விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல பிரதி எடுத்தா காப்பிரைட் முடிஞ்சிடும். கையால செய்றது தொழில்முறையான்னு கேட்டா, டிசைன் சட்டம் கை வேலையையும் சேர்த்துத்தான் சொல்லுது. நல்ல ரப்பர் அச்சு ஒண்ணு 50 பூவை அலட்டிக்காம தாண்டும்.

திண்ணையில உட்கார்ந்து இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப அம்பது வரைக்கும் என் பூ. அம்பத்தொண்ணுல இருந்து ஊரு பூவா?"

"ஏறக்குறைய அப்படித்தான் பெரியப்பா."

"அம்பது பூ வித்துட்டு எவன்டா பொழைக்க முடியும்? ரப்பர் காசே வராதே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு அவ்வளவா இல்லை. "நானும் ஆரம்பத்துல ஒரு பழைய பங்களாப் பூ மேல ரப்பர் ஊத்தித்தான்டா பழகினேன். அதைச் செஞ்சவன் யாரோ" என்றார். பழகுறதுக்கு எடுக்கிறதும் விக்கிறதுக்கு எடுக்கிறதும் ஒண்ணான்னு கேட்டேன். "பழகினதும் சும்மா இருக்க முடியுமா, அதையும் வித்தேன்ல" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இந்தத் தொழில் முழுக்க ஒருத்தர் கையைப் பார்த்து ஒருத்தர் வளர்ந்ததுதான். ஆனா முதல் பூவைச் செதுக்குறவனுக்குச் சோறு இல்லன்னா, ஊர்ல எல்லாரும் காப்பிக்குக் காப்பி எடுத்து, நரம்பு இல்லாத பருப் பூவா ஒட்டிக்கிட்டுப் போவோம். இப்போ போன்லயே ஸ்கேன் பண்ணி 3டி பிரிண்டர்ல தாய்ப் பூ எடுக்க முடியுது. ரப்பர் கூட முதல்ல வேண்டாம்.

சட்டம் மந்திரமும் இல்லை. பதிவு பண்ணின டிசைனைக் காப்பி அடிச்சா, பணமா வாங்கக்கூடியது ஒரு தடவைக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான் உச்சம். அந்த வழியை விட்டு, நஷ்டஈடும் தடை உத்தரவும் கேட்டு வழக்குப் போடலாம். "யார் மேலடா கேஸ் போடுறது, எங்கிட்டயே வேலை பழகிட்டுப் போன பயலுக மேலயா?" என்று பெரியப்பா கேட்டார். நான் சொன்னது: கேஸ் போடுறது அப்புறம். காகிதம் கையில இருந்தா, மண்டபக்காரர்கிட்டயும் இன்டீரியர் ஆளுங்ககிட்டயும் "இது என் வடிவம், என்கிட்ட வாங்குங்க, இல்ல என்னைக் கேட்டு ஊத்துங்க" என்று பேச ஒரு பிடி கிடைக்கும். பழகின பயலுகளுக்கு அவரே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்கலாம். கொடுக்கிறதுக்கும் முதல்ல நம்மகிட்ட இருக்கணும்ல.

இப்போ பட்டறையில ஈரச் சாக்குப் போட்டு மூடி ஒரு புதுத் தாய்ப் பூ இருக்கு. எங்க பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலையை வைச்சு எட்டு இலை, நடுவுல பாக்கு. இலை நுனி ஒவ்வொண்ணும் லேசா ஒருக்களிச்சுத் திரும்பும். விறைப்பான அச்சுல வராது, ரப்பர்தான். ஒருத்தருக்கும் காட்டல, ஒண்ணு கூட ஊத்தல. முன், பின், பக்கம் எல்லாம் வெள்ளைத் துணி விரிச்சுப் படம் எடுத்து விண்ணப்பத்தோட சேர்க்கிற வேலை என்னோடது. 1000 ரூபாய் பெரியப்பாவோடது. "கட்டிப் பாப்போம்" என்றிருக்கார்.

உங்க ஊர்லயும் அச்சு போடுற ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். பிளாஸ்டர் பூவா இருக்கலாம், சிமெண்ட் ஜாலியா இருக்கலாம், கொலு பொம்மையா இருக்கலாம். லீவுக்குப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்க: "இதை யார்கிட்டயாவது காட்டிட்டீங்களா?" இல்லன்னு சொன்னா, அன்னைக்கே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்க.