பழைய ஆயில் எங்கே போச்சு?

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு வண்டிக்குக் கடைசியா எப்போ ஆயில் மாத்தினீங்க? பைக், கார், டிராக்டர், எதுவா இருந்தாலும் சரி. 'சர்வீஸுக்கு விட்டா அவங்களே மாத்திடுவாங்க'ன்னு சொல்றவங்கதான் நம்மள்ல நிறையப் பேர். ஓகே, இன்னொரு கேள்வி. மாத்தினாங்களே... அந்தப் பழைய ஆயில் எங்கே போச்சு?

யோசிக்கறீங்கள்ல? கொஞ்சம் பொறுங்க. முதல் கேள்வியில இருந்து ஆரம்பிச்சாத்தான் ரெண்டாவது கேள்வியோட வெயிட் புரியும்.

எங்க ஊர் கூத்தாநல்லூர். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல இருக்கு. ஊர்ல நிறையப் பேர் கடல் தாண்டிப் போய் சம்பாதிக்கறதால 'சின்ன சிங்கப்பூர்'னு ஒரு பட்டப்பேர் உண்டு. எங்க அத்தாவும் அப்படிப் போனவர்தான். 11 வருஷம் சிங்கப்பூர்ல உழைச்சு சேர்த்த காசு, மீதிக்கு ஃபைனான்ஸ்... ஊருக்குத் திரும்பி வந்து வாங்கினது ஒரு டீசல் பிக்கப். சம்பா அறுவடை நேரத்துல களத்துல இருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை அடிக்கும். மத்த நாள்ல உரம், சிமென்ட், கல்யாண வீட்டுச் சாமான். மாசத் தவணை, வீட்டு மளிகை, என் காலேஜ் ஃபீஸ் எல்லாத்தையும் கட்டறது அந்த என்ஜின்தான். அது ஒருநாள் படுத்துட்டா எங்க வீடே படுத்துடும்!

அதனால ஆயில் மாத்தற வேலையை அத்தா யார்கிட்டயும் விடறதில்லை. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க, நானும் அத்தாவும் வீட்டு வாசல்லயே கத்துக்கிட்டோம். 'பொம்பளப் புள்ளை வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கு'ன்னு தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அத்தா அசரலை. 'கையில ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா எந்த ஊர்லயும் பொழைச்சுக்கலாம்மா'ன்னு ஒரே போடா போட்டுட்டார்.

சரி, ஆயில் எதுக்கு? என்ஜினுக்குள்ள இரும்பும் இரும்பும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசற மாதிரி ஓடுது. நடுவுல முடியை விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கறதாலதான் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாம தப்பிக்குது. அந்தப் படலம் போச்சுன்னா சில நிமிஷத்துல என்ஜின் 'சீஸ்' ஆயிடும். ஆயில், ஃபில்டர் செலவு சில ஆயிரம். என்ஜினைப் பிரிச்சு மேயணும்னா அதைப்போலப் பல மடங்கு. எங்க வீட்டுக் கணக்குல அது என்னோட ஒரு செமஸ்டர்!

வாங்க, வேலையை ஆரம்பிப்போம். வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. என்ஜினை ஒரு 5 நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிடுங்க. வெதுவெதுன்னு இருந்தா ஆயில் இளகி, அடியில தங்கின அழுக்கையும் இழுத்துக்கிட்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினா கை வெந்துடும், ஜாக்கிரதை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. கையில கிளவுஸ் கட்டாயம். பழைய ஆயில் தோலுக்கு நல்லதில்லை. அடிக்கடி பட்டா புத்துநோய் வரைக்கும் கொண்டு விடக்கூடிய ரசாயனங்கள் அதுல இருக்கு.

மேல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்துட்டு, கீழ டிரெயின் போல்ட்டைக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி அகலமான ஒரு தட்டை அடியில வைக்கறது முக்கியம். 'சர்ர்ர்'னு வரும் பாருங்க... தார் மாதிரி, கன்னங்கரேல்னு!

முதல் தடவை அதைப் பார்த்ததும் 'அய்யய்யோ, என்ஜின் போச்சா அண்ணே?'ன்னு கேட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரிச்சார். 'டீசல் வண்டி ஆயில் கறுக்கலைன்னாதான் பாப்பா கவலைப்படணும். கறுத்திருக்குன்னா அது வேலை பார்த்திருக்குன்னு அர்த்தம்.'

விஷயம் என்னன்னா, 1897-ல ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில ஓட்டிக் காட்டின என்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுல எரிபொருளைப் பீச்சினா அதுவே பத்திக்கும். இன்னிக்கு வரைக்கும் டீசல் என்ஜினோட அடிப்படை இதுதான். அப்படி எரியும்போது எல்லா இடத்துலயும் காத்து சரிசமமாக் கலக்காது. அங்கங்கே அரைகுறையா எரிஞ்சு கரி உண்டாகும். அதுல கொஞ்சம் ஆயிலுக்குள்ள இறங்கிடும். அந்தக் கரித்தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாம மிதக்க விடறதுக்குன்னே ஆயில்ல சில ரசாயனங்களைச் சேர்க்கறாங்க. அதனால புது ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். கலரைப் பார்த்து ஆயில் மாத்தக் கூடாது. ஓடின கிலோமீட்டரையும் வண்டியோட கையேட்டையும் பார்த்துதான் மாத்தணும்.

ஆனா கலர் வேற சில ரகசியம் சொல்லும். மோர் மாதிரி வெளுத்திருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. டீசல் வாடை தூக்கலா அடிச்சா எரிபொருள் கசியுது. வெளிச்சத்துல ஜிகினா மாதிரி மின்னினா உள்ளே இரும்பு தேயுது. ரத்தப் பரிசோதனை மாதிரிதான் பாஸ்!

அடுத்து ஃபில்டர். 1923-ல அமெரிக்காவுல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட்ங்கறவர் கார் என்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் கண்டுபிடிச்சு 'ப்யூரோலேட்டர்'னு பேர் வெச்சார். 'ப்யூர் ஆயில் லேட்டர்'ங்கறதோட சுருக்கமாம் அது. உள்ளே மடிச்சு மடிச்சு வெச்ச காகிதம் மாதிரி ஒரு வடிகட்டி. அது அடைச்சுக்கிட்டா என்ஜின் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பி வைக்கும். அதாவது, பழைய ஃபில்டரை அப்படியே விட்டா வண்டி நிக்காது... ஆனா அழுக்கு ஆயில்லயே ஓடும். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அதான் ஆபத்து!

பழைய ஃபில்டரைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையமும் கூடவே வந்துடுச்சான்னு பாருங்க. அது என்ஜின்ல ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே புதுசை மாட்டினா, ரெண்டு ரப்பர் சேர்ந்து ஆயில் பீச்சி அடிக்கும். புது ரப்பர்ல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலயே திருகுங்க. ரப்பர் போய் ஒட்டினதுக்கு அப்புறம் எவ்வளவு திருகணும்னு ஃபில்டர் மேலயே போட்டிருக்கும். பலத்தைக் காட்ட வேண்டாம்.

டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோட மாட்டிட்டு, கையேட்டுல சொன்ன கிரேடு ஆயிலை ஊத்துங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள்ல புகைக் குழாய்ல கரியைப் பிடிக்கற ஃபில்டர் இருக்கும். அதுக்குச் சாம்பல் கம்மியா விடற தனி ஆயில் வேணும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கறதை அப்படியே ஊத்தாதீங்க. டிப் ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். 'கூடக் கொஞ்சம் இருந்தா நல்லதுதானே'ன்னு நினைச்சா, உள்ளே ஆயில் நுரைச்சுக்கிட்டுப் படலமே உடைஞ்சிடும். ஸ்டார்ட் பண்ணினதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காம, ஆயில் விளக்கு அணையுதான்னு பாருங்க. சில செகண்ட்ல அணையணும். அணைஞ்சதும் என்ஜினை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு கீழ சொட்டுதான்னு எட்டிப் பார்த்து, டிப் ஸ்டிக்கை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. காலி கேனைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கத்தியால கிழிச்சிடுங்க. இல்லைன்னா நாளைக்கே அதுல போலி ஆயில் நிறைஞ்சு கடைக்கு வரலாம்.

அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது... அப்படின்னுதான் எல்லாரும் கையைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பறோம். தட்டுல இன்னும் ஆறேழு லிட்டர் கறுப்பு இருக்கே?

முன்னாடி நாங்க வண்டி விட்டுக்கிட்டு இருந்த ஒரு பட்டறையில பதில் ரொம்ப சிம்பிள். பின்னாடி ஓடற வாய்க்கால்! தட்டைத் தூக்கி ஒரே கவிழ்ப்பு. தண்ணி மேல வானவில் மாதிரி கலர் கலரா மின்னிக்கிட்டுப் போகும். அந்த வாய்க்கால் எங்கே போகுது? மேட்டூர்ல திறந்து, கல்லணையில பிரிஞ்சு, வெண்ணாறு வழியா நம்ம வயலுக்கு வர்ற தண்ணி அது. நமக்குக் கீழே கடைமடை வரைக்கும் அதை நம்பிக்கிட்டு இருக்காங்க. எங்க பிக்கப் ஏத்தற மூட்டையே அந்தத் தண்ணியில விளைஞ்சதுதானே?

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு தடவை ஆயில் மாத்தும்போது வர்ற கழிவு, 10 லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லுது. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 38 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் வயல்ல 5 சென்டிமீட்டர் தண்ணி கட்டினா சுமார் 2 லட்சம் லிட்டர். அப்படின்னா ஒரே ஒரு தட்டு ஆயில், 19 ஏக்கர்ல நிக்கற தண்ணிக்குச் சமமான அளவைப் பாழாக்கப் போதும்! தண்ணி மேல படர்ந்து காத்தோட்டத்தைத் தடுக்கும். என்ஜின் தேய்ஞ்சு வந்த உலோகத்தூள் வேற மண்ணுல போய்த் தங்கும்.

ஹைட்ரோகார்பன் வேண்டாம், மீத்தேன் வேண்டாம்னு இந்த மண்ணுல எத்தனை போராட்டம் நடந்துச்சு! 2020-ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சு சட்டமே வந்துச்சு. பெரிய கம்பெனி கிணறு தோண்டக் கூடாதுன்னு சொல்ற நாம, அதே மண்ணுல தட்டு தட்டா எண்ணெய் ஊத்தறது என்ன நியாயம்?

இதை அத்தாகிட்ட கேட்டேன். 'எல்லாரும் ஊத்தத்தானேம்மா செய்யறாங்க'ன்னார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் எழுந்து போய், வீட்டுக்குப் பின்னாடி கிடந்த பழைய பிளாஸ்டிக் கேனை எடுத்துத் துடைச்சுக்கிட்டு வந்தார். 'நாம ஏத்தற நெல்லைத்தானே நாமளும் திங்கறோம்'னார். அவ்வளவுதான் பேச்சு.

நல்ல சேதி என்ன தெரியுமா? பழைய ஆயில் செத்துப் போன பொருள் இல்லை. அழுக்கையும் தண்ணியையும் பிரிச்சு, சுத்திகரிச்சு மறுபடியும் ஆயிலாக்க முடியும். இந்தியாவுல 2016 விதிகள்படி அது அபாயகரமான கழிவு. முறையாப் பதிவு செஞ்ச மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போகணும். 2024 ஏப்ரல் 1-ல இருந்து, ஆயில் தயாரிக்கற கம்பெனிகளுக்கே பழசை மறுசுழற்சி செய்யற பொறுப்பும் வந்திருக்கு. ஆனா அந்தச் சங்கிலியோட முதல் கண்ணி, தட்டைக் கையில வெச்சிருக்கற ஆள்தான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், சின்னதா மூணு விஷயம். வீட்டுல மாத்தினா, மூடி போட்ட கேன்ல பிடிச்சு வைங்க. அதுல தண்ணி, டீசல் எதையும் கலக்காதீங்க. கலந்தா மறுசுழற்சி கஷ்டம். ஃபில்டரைக் கவிழ்த்து வெச்சு, சொட்டற வரைக்கும் அதே கேன்ல வடியவிடுங்க. நிறைஞ்சதும், பழைய ஆயிலைச் சேர்த்து வெச்சு மறுசுழற்சிக்கு அனுப்பற சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய்க் கொடுங்க. எங்க கேன் அப்படித்தான் திருவாரூருக்குப் போகுது, லோடு ஏத்தப் போற அதே பிக்கப்ல!

பட்டறையில மாத்தறவங்களுக்கு வேலை இன்னும் ஈஸி. பில்லை வாங்கும்போது, 'அண்ணே, பழைய ஆயிலை என்ன பண்ணுவீங்க?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. சண்டை வேண்டாம், அட்வைஸ் வேண்டாம். ஒரு காலேஜே கேட்க ஆரம்பிச்சா, ஊர்ல இருக்கற எல்லாப் பட்டறையிலயும் ஒரு டிரம் வந்து உட்கார்ந்துடும்.

என்ன, கேட்பீங்கதானே?