கதவில் ஒரு எண், டயரில் ஒரு எண்

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஒருவர், புது ஆல்-டெரெய்ன் டயர் மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 30 அல்லது 35 பி.எஸ்.ஐ காற்று வை என்கிறது. குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தால் 80 பி.எஸ்.ஐ என்று அச்சடித்திருக்கிறது. கடையில் காற்றடித்த பையனோ, எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் ஒரு 50 வைத்து அனுப்பியிருக்கிறான். எதை நம்புவது? வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு!

காற்றுக்கு வருமுன் டயரைப் பார்த்துவிடுவோம். ஆல்-டெரெய்ன் என்பது ஒரு சமரசம். ஒரு பக்கம் தார்ச்சாலைக்கான சாதா டயர். இன்னொரு பக்கம் பெரிய பெரிய பட்டன்களும் அகலமான இடைவெளியும் உள்ள சேற்று டயர். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இது. பி.எஃப். குட்ரிச் 1976-ல் ரேடியல் வகையில் இதைக் கொண்டுவந்த பிறகுதான் இப்படி ஒரு ரகமே பிரபலமானது. சரளை, செம்மண், லேசான சேறு, கொஞ்சம் பனி எல்லாவற்றையும் சமாளிக்கும். பதிலுக்கு நெடுஞ்சாலையில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம், பெட்ரோல் செலவு, ஈரச்சாலையில் சாதா டயர் அளவுக்கு சட்டென்று நிற்காத பிரேக்கு. வாரம் ஐந்து நாள் அலுவலகம், ஆறாம் நாள் மளிகைக்கடை என்று ஓடும் வண்டிக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தானே, அதை ஒப்புக்கொண்டு வாங்கினால் தப்பில்லை.

பனி விழும் ஊர்க்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயரில் 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருப்பது பட்டன் அமைப்பைப் பற்றிய விவரம் மட்டுமே. பனியில் சோதித்ததற்கான அத்தாட்சி அல்ல. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ படம் இருந்தால்தான் சோதனையில் தேறியது என்று அர்த்தம். அதிலும் அந்தச் சோதனை, பனியில் வண்டி எவ்வளவு நன்றாக இழுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. எவ்வளவு நன்றாக நிற்கிறது என்பது வேறு கதை.

அளவு கூட்டும் ஆசையும் எல்லோருக்கும் வரும். 265/70ஆர்16 இருந்த இடத்தில் 265/75ஆர்16 மாட்டினால் டயரின் உயரம் ஏறத்தாழ 777 மி.மீ.யிலிருந்து 804 மி.மீ. ஆகிறது. சுமார் மூன்றரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62-ல் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க டயர்களில் அளவுக்கு முன்னால் 'பி' என்று இருந்தால் பயணிகள் கார் வகை, 'எல்.டி' என்று இருந்தால் லைட் டிரக் வகை. புதிதாக வரும் சின்ன பிக்கப்கள் பலவற்றில் கம்பெனி போட்டு அனுப்புவது கார் வகைதான். ஆல்-டெரெய்ன் வாங்கப் போகிறவருக்குக் கடையில் கைகாட்டப்படுவது பெரும்பாலும் எல்.டி வகை. கல் குத்தாது, பக்கவாட்டு கிழியாது, பத்து பிளை பலம் என்பார்கள். (பத்து பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பருத்தி நூல் காலத்துக் கணக்கு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) சொல்வதெல்லாம் நிஜம்தான். ஆனால் பலமான டயர் என்றால் அதே காற்றில் அதிகப் பாரம் தாங்கும் என்று நினைப்பதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

பாரத்தைத் தாங்குவது டயர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான். 265/70ஆர்16 அளவில் கார் வகை டயரின் பாரக் குறியீடு 111, அதாவது 1090 கிலோ. அதை 35 பி.எஸ்.ஐ.யிலேயே தாங்கும். (கார் வகையை பிக்கப்பில் மாட்டினால் அந்த எண்ணை 1.1 ஆல் வகுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அப்படியும் 990 கிலோ வருகிறது.) அதே அளவில் எல்.டி வகை, 'ஈ' பிரிவு என்றால் குறியீடு 121, அதாவது 1450 கிலோ. ஆஹா என்று தோன்றும். ஆனால் அந்த 1450 கிலோவைத் தாங்க 80 பி.எஸ்.ஐ வேண்டும். டயரில் அச்சடித்திருக்கும் 80-க்கு இதுதான் அர்த்தம்: இவ்வளவு பாரம் ஏற்றினால் இவ்வளவு காற்று, அதற்கு மேல் இல்லை. தினமும் 80 வை என்று அது சொல்லவே இல்லை. அதே எல்.டி டயரில் 35 மட்டும் வைத்தால், கழற்றிப் போட்ட பழைய கார் டயர் 35-ல் தாங்கிய அளவுகூடத் தாங்காது! தடித்த டயர், குறைந்த தாங்குதிறன். பலரும் கதவு ஸ்டிக்கரைப் பார்த்து அதே காற்றை வைத்து, பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு வழி, டயர் கம்பெனிகள் வெளியிடும் பாரம்-காற்று அட்டவணை. பழைய டயர் கதவு ஸ்டிக்கர் காற்றில் எவ்வளவு பாரம் தாங்கியது என்று பார்த்து, அதே பாரத்துக்குப் புது டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று தேடிக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கரை விடப் பல பவுண்டு கூடுதலாகத்தான் வரும். சாக்பீஸால் டயரின் குறுக்கே கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, எங்கே அழிகிறது என்று பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு. நல்ல முறைதான், ஆனால் அட்டவணை சொல்லும் எண்ணுக்குக் கீழே இறங்க அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலி வண்டியில் 80 வைத்து ஓட்டுகிறவர் பாடு வேறு மாதிரி: பின்பக்கம் பாரமே இல்லாத பிக்கப் ஒவ்வொரு குழியிலும் துள்ளும், ஈரச்சாலையில் வால் வழுக்கும், பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்து மொட்டையாகும்.

காற்றை அளப்பது காலையில், வண்டியை எடுக்குமுன். ஓடிச் சூடான டயரில் எண் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ குறையும். 70 டிகிரி கராஜில் சரிபார்த்த டயரில், மினசோட்டா குளிரில் பூஜ்யத்துக்குப் போகும்போது ஏழு பவுண்டு காணாமல் போயிருக்கும். திருடன் யாரும் இல்லை.

இதுவரை சொன்னது தார்ச்சாலை. மணலில் எல்லாமே தலைகீழ். 1920-களிலும் 30-களிலும் எகிப்து, லிபியா பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட், டயரில் காற்றை இறக்கிவிட்டால் வண்டி புதையாமல் மணல் மேலேயே போகும் என்று செய்து காட்டினார். இரண்டாம் உலகப்போரில் அவர் உருவாக்கிய படையின் ஷெவர்லே டிரக்குகள் அந்த வித்தையோடுதான் சகாராவைக் கடந்தன. காற்று இறங்கும்போது டயர் தரையில் பதியும் இடம் நீளவாக்கில் கூடுகிறது, பாரம் பரவுகிறது. சரளைச் சாலையில் 25 வாக்கில் இறக்கினாலே எலும்பு குலுங்குவது நிற்கும். மணலுக்கு 15 முதல் 18 வரை. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயரே ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் மெதுவாகப் போகும் வண்டிக்கு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் மடிந்து நிமிர்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இந்த அளவு டயர் நிமிடத்துக்குச் சுமார் 680 சுற்று சுற்றும். ஒரு கம்பியை அவ்வளவு தடவை மடக்கி நிமிர்த்தினால் சூடாகிறதல்லவா, அதேதான் இங்கேயும். மணலில் காப்பாற்றிய அதே 18 பி.எஸ்.ஐ, பம்ப் எடுத்து வர மறந்த ஒருவரை நெடுஞ்சாலையில் கொன்றுவிட முடியும். டயர் வாங்கும்போதே ஒரு நல்ல கேஜும் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் வாங்காதவர் காற்றை இறக்கவே கூடாது.

பயமுறுத்தச் சொல்வது இல்லை. 2000 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் ஒரு ரகத்தின் பெயர் வில்டர்னஸ் ஏ.டி, அந்த ஏ.டி, ஆல்-டெரெய்ன்தான். பெரும்பாலும் மாட்டப்பட்டிருந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில், அதாவது ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் கட்டிய வண்டியில். ஓடும்போது பட்டன் பகுதி உள்ளிருக்கும் எஃகுப் பட்டையோடு உரிந்து வந்தது, வண்டிகள் கவிழ்ந்தன. முதலில் மாற்றித் தர எடுத்துக்கொண்ட மாநிலங்கள் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ். எல்லாம் வெயில் மாநிலங்கள். அமெரிக்க அரசின் கணக்கில் சாவு 271.

பிறகு நடந்த சண்டையின் மையத்தில் நின்றது கதவு ஸ்டிக்கர் எண். ஃபோர்டு போட்டிருந்தது 26 பி.எஸ்.ஐ. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. நாலே நாலு பவுண்டு! டயரில்தான் கோளாறு என்றது ஒரு கட்சி, வண்டியில் என்றது இன்னொரு கட்சி. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு உறவு 2001 மே மாதம் முறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு விசாரணை டயரின் எஃகுப் பட்டை ஓரத்தில் இருந்த குறையைக் காட்டியது. வண்டியையும் விசாரியுங்கள் என்ற ஃபயர்ஸ்டோனின் கோரிக்கை 2002-ல் நிராகரிக்கப்பட்டது. குறை டயருடையதுதான். ஆனாலும் 26-ல் தொடங்கும் ஒரு டயர், யாரும் கவனிக்காமல் 20-க்கு வந்துவிட்டால், வெயிலில், முழுக் குடும்பமும் சாமானுமாக, 70 மைல் வேகத்தில் அதற்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த சட்டத்தின் விளைவுதான் டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு. 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். ஆனால் கதவு ஸ்டிக்கர் எண்ணில் கால்வாசி குறைந்த பிறகு எரிந்தாலே சட்டத்துக்குப் போதும். 35 என்றால் 26 வாக்கில் எரியும். கார் வகையைக் கழற்றி எல்.டி மாட்டி, அட்டவணைப்படி 45 தேவைப்படும் வண்டியிலும் அது அதே 26-க்குத்தான் காத்திருக்கும். டயர் மாறியது அந்த விளக்குக்குத் தெரியாது. புது எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. அடுத்த தடவை காற்றடிக்கும் பையனுக்காவது தெரியட்டும் என்று.